அம்மாவின் கையில் மருந்துப் பொத்தான்: நர்ஸ்மார் ஏன் தயங்குகிறோம்

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது. அம்மாவுக்கு 68 வயது, சீனி வருத்தமும் பிரஷரும் இருக்கிறது, முழங்கால் மாற்றுச் சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்தாயிற்று. ஒப்பரேசன் முடிந்த பிறகு நோ வரும்போது அம்மாவே பொத்தானை அமத்தி மோர்பின் எடுக்கிற பி.சி.ஏ. மெசின் பூட்டலாம் என்று மயக்க மருந்து டொக்டர் சொல்லியிருக்கிறார். யாழ்ப்பாணத்தில் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்ற சித்தியோ "அதை மட்டும் பூட்ட விடாதேங்கோ, ஊசியே காணும்", அதாவது ஊசியே போதும் என்கிறார். நர்ஸ்மாருக்கே பிடிக்காததை அம்மாவுக்குப் பூட்டலாமா என்று கேட்கிறீர்கள். சித்தியின் பயம் கண்டு வந்த பயமா, பழக்கத்தில் ஒட்டிக்கொண்ட பயமா, அதை எவ்வளவு நம்பலாம் என்பதுதான் உங்களுக்குத் தெரியவேண்டியது என்று எனக்குப் படுகிறது. அதில் ஒரு பங்கு மிகச் சரியான பயம், இன்னொரு பங்கு நாங்கள் கைவிட்டிருக்க வேண்டிய பழக்கம். இரண்டையும் பிரித்துச் சொல்லப் பார்க்கிறேன், கொஞ்சம் நீளும்.

நான் யாழ்ப்பாணத்தில் சத்திரசிகிச்சை விடுதியிலும் பிறகு தீவிர சிகிச்சைப் பிரிவிலும் நீண்டகாலம் வேலை செய்த தாதி. மயக்க மருந்து வைத்தியர் இல்லை. அம்மாவின் றிப்போட் எதையும் நான் பார்க்கவும் இல்லை. ஆகவே அம்மாவுக்கு எவ்வளவு மருந்து, எந்த மருந்து என்பதை இங்கே எழுதமாட்டேன், அது அவரைப் பரிசோதிக்கிற டொக்டரின் வேலை. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று பார்க்கிறவர்களுக்குத் தெரிவதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் மெசின் என்ன செய்கிறது என்பது தெளிவாக வேண்டும், ஏனென்றால் பயத்தில் பெரும் பங்கு இது விளங்காததால் வருகிறது. சிறிஞ்சில் மருந்து நிரப்பி, பூட்டுள்ள ஒரு பம்பில் வைத்து, சேலைன் போகிற அதே நாளம் வழியாகக் கொடுப்பார்கள். நோயாளியின் கையில் ஒரு பொத்தான் இருக்கும். அமத்தினால் ஒரு சின்ன அளவு மருந்து போகும், மோர்பின் என்றால் வளர்ந்தவர்களுக்குப் பொதுவாக 1 மில்லிகிராம். அதற்குப் பிறகு 5 நிமிடமோ அதற்கு மேலோ பம்ப் பூட்டிக்கொள்ளும், அந்த நேரத்துக்குள் நூறு தரம் அமத்தினாலும் ஒரு துளி போகாது. எத்தனை தரம் அமத்தினார், எத்தனை தரம் மருந்து போனது என்று இரண்டு கணக்கையும் அது வைத்திருக்கும். "கையில் குடுத்தால் கண்டபடி அமத்தி உயிருக்கு ஆபத்தாகிவிடாதா" என்று பயப்படுகிற ஆட்களுக்கு இதைத்தான் முதலில் விளங்கப்படுத்துவேன். இது புதுச் சாமானும் இல்லை. 1960களின் கடைசியில் அமெரிக்காவில் பரிசோதனையாகத் தொடங்கி, 1976 அளவில் வேல்ஸின் கார்டிஃபில் உருவான பம்ப் விற்பனைக்கு வந்தது. எங்கள் பக்கத்துப் பொது விடுதிகளில் அது இன்னும் எல்லாருக்கும் கிடைக்கிற ஒன்றாக இல்லாததால் எங்களுக்குத்தான் புதிதாகத் தெரிகிறது.

இந்த மெசினுக்குள் ஒரு இயற்கையான காவல் இருக்கிறது. மருந்து கூடினால் ஆளுக்கு நித்திரை வரும், நித்திரை வந்தால் பொத்தானை அமத்த ஆள் இல்லை, ஆகவே மருந்து தானாக நிற்கும். இந்தக் காவல் வேலை செய்ய ஒரே ஒரு நிபந்தனைதான்: நோயாளியைத் தவிர வேறு யாரும் அமத்தக்கூடாது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் ஊரில் பிழை நடக்கக்கூடிய இடம் அதுதான்.

சித்தி சொல்கிற "ஊசியே காணும்" என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ஊசி முறை தாளில் நன்றாகத்தான் இருக்கும். நிஜத்தில் இரவு விடுதியில் நடப்பது வேறு. அம்மாவுக்கு நோ தொடங்கும். உடனே சொல்லமாட்டார், கொஞ்சம் பொறுத்துப் பார்ப்பார். பிறகு பக்கத்தில் நிற்கிறவரிடம் சொல்வார், அவர் மிஸ்ஸைத் தேடிப் போவார், மிஸ் இன்னொரு கட்டிலில் சத்தி எடுக்கிற ஆளைப் பிடித்துக்கொண்டிருப்பார். வந்து சார்ட்டைப் பார்த்து, கடைசி ஊசி எப்போது போட்டது என்று கணக்குப் பார்த்து, அலுமாரித் திறப்பை எடுத்து, மோர்பின் என்றால் பதிவேட்டில் எழுதி, இன்னொரு நர்ஸைக் கூப்பிட்டு இரண்டு பேரும் சரிபார்த்துக் கையெழுத்து வைத்து, கரைத்து, கொண்டுவந்து போடும்போது அரை மணித்தியாலமாவது போயிருக்கும். தசையில் போட்ட ஊசி வேலை செய்ய இன்னும் நேரம் எடுக்கும். பிறகு ஒரேயடியாக நோ குறைந்து, ஆள் அரை மயக்கத்தில் கிடந்து, சில மணித்தியாலத்தில் மறுபடி அதே நோ. மேலே ஏறிக் கீழே விழுகிற இந்தச் சுழற்சியைத்தான் பி.சி.ஏ. உடைக்கிறது. சின்னச் சின்ன அளவாகப் போவதால் நோ ஒரு மட்டத்தில் நிற்கும்.

அதைவிடப் பெரிய விசயம் ஒன்று, வெளிநாட்டுப் புத்தகங்களில் இவ்வளவு அழுத்தமாக எழுதியிருக்காது. எங்கள் அம்மாமார் கேட்கமாட்டார்கள். கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நெற்றி வியர்த்து, நாடி அடிப்பு 110-இல் இருக்க, "நோகுதோ அம்மா" என்று கேட்டால் "இல்லைப் பிள்ளை, பரவாயில்லை, நீங்கள் மற்ற ஆக்களைப் பாருங்கோ" என்பார்கள். மிஸ் பாவம் ஓடித்திரிகிறா, அவவை ஏன் கரைச்சல்படுத்துவான் என்ற நினைப்பு. பிள்ளை பெற்றதையும் சண்டைக் காலத்தையும் தாங்கின எனக்கு இது என்ன என்ற நினைப்பும் உண்டு. நோவைச் சொல்வது குறை சொல்வதுபோல அவர்களுக்குப் படுகிறது. யாரிடமும் கேட்கத் தேவையில்லாத ஒரு பொத்தான் கையில் இருப்பது இப்படிப்பட்ட ஆட்களுக்குத்தான் அதிகம் உதவும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆனால் ஒரு தடை, அதே ஆட்கள் பொத்தானையும் அமத்தாமல் சேமித்து வைத்திருப்பார்கள். "இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பிறகு அமத்துவம்" என்று காத்திருந்து, கடைசியில் பத்து நிமிடத்தில் இருபது தரம் அமத்துவார்கள். அதனால்தான் இதை ஒப்பரேசனுக்கு முதல் நாளே, ஆள் தெளிவாக இருக்கும்போது, தமிழில் வடிவாக விளங்கப்படுத்த வேண்டும். மயக்கம் தெளிந்து கண் திறக்கும்போது பொத்தானைக் கையில் திணித்துச் சொன்னால் ஒன்றும் ஏறாது.

சரி, நர்ஸ்மாருக்கு ஏன் பிடிப்பதில்லை? எல்லாருக்கும் பிடிக்காது என்பது உண்மையில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில் பழகியவர்களில் பலர் இதை விரும்புவார்கள். நோயாளி அமைதியாக இருக்கிறார், இருமச் சொன்னால் இருமுகிறார், பிசியோ வரும்போது எழும்புகிறார். பொது விடுதியில் நிற்கிறவர்களின் கதை வேறு. அங்கே ஒரு இரவில் இரண்டு மூன்று பேர் நிறையக் கட்டில்களைப் பார்க்கிறார்கள். மெசின் வந்தால் ஊசி போடுகிற வேலை குறையும் என்று வெளியில் இருப்பவர்கள் சொல்வார்கள். உண்மையில் வேலை குறைவதில்லை, இடம் மாறுகிறது. சிறிஞ்சு நிரப்ப இரண்டு பேர், பம்ப் அளவைச் சரிபார்க்க இரண்டு பேர், மணித்தியாலத்துக்கு ஒருதரம் மூச்சு எண்ணவேண்டும், நித்திரை மட்டம் பார்க்கவேண்டும், நோவின் அளவு கேட்கவேண்டும், பம்ப் சத்தம் போட்டால் ஓடவேண்டும். பம்பில் மருந்தின் செறிவைப் பிழையாகப் பதிந்தால் ஒவ்வொரு அமத்தலும் பிழையாகப் போகும். இதற்கெல்லாம் பயிற்சி கொடுக்காமல் மெசினை மட்டும் கொண்டுவந்து வைத்தால் எந்த நர்ஸுக்கும் வெறுப்புத்தான் வரும், அந்த வெறுப்பில் நியாயம் இருக்கிறது. ஊசி போடப் போகிற சாக்கில் நாலு வார்த்தை கதைத்து, காயத்தையும் பார்த்து வருவோம், அந்தத் தொடர்பு போய்விடும் என்று சொல்கிற நர்ஸ்மாரும் உண்டு. அதுவும் பொய்யில்லை, மெசின் பூட்டின கட்டிலை "அங்கே பிரச்சினை இல்லை" என்று தாண்டிப்போகிற ஆபத்து இருக்கிறது.

இனி, விடவேண்டிய பங்கு. எவ்வளவு நோ, எப்போது மருந்து என்று தீர்மானிப்பது நாங்கள்தான் என்ற நினைப்பு எங்கள் தொழிலில் ஆழமாக ஊறியிருக்கிறது. "இப்பதானே போட்டது, அதுக்குள்ள என்ன நோ" என்ற வசனத்தை எந்த விடுதியிலும் கேட்கலாம். மார்கோ மெக்கஃபரி என்ற அமெரிக்கத் தாதி 1968-லேயே சொல்லிவிட்டார்: நோவை அனுபவிக்கிறவர் அது எப்படி என்று சொல்கிறாரோ அதுதான் நோ, அவர் எப்போது இருக்கிறது என்கிறாரோ அப்போது அது இருக்கிறது. பரீட்சைக்கு அதைப் பாடமாக்கி எழுதுகிற நாங்களே விடுதிக்கு வந்ததும் முகத்தைப் பார்த்து "இவருக்கு அவ்வளவு இல்லை" என்று முடிவெடுக்கிறோம். பொத்தான் அந்த முடிவை எங்கள் கையிலிருந்து எடுத்து நோயாளியின் கையில் கொடுக்கிறது. சிலருக்கு அது உறுத்துகிறது, வெளியில் சொல்லமாட்டார்கள்.

உங்கள் சித்தியைப் போன்ற எங்கள் பக்கத்து மூத்தவர்களிடம் இன்னொன்றும் இருக்கிறது, அதை நான் குறையாகச் சொல்லவில்லை. 1990களில் சண்டைக் காலத்தில் வடக்குக்குப் பொருளாதாரத் தடை இருந்தபோது வேலை செய்தவர்கள், ஒரு குப்பி மருந்தை எத்தனை பேருக்குப் பங்கிடுவது என்று யோசித்தவர்கள். பலமான நோ மருந்து என்றால் மிக மோசமான காயக்காரருக்கு எடுத்து வைக்கவேண்டியது என்று அவர்களுக்குப் பதிந்துபோயிற்று. 2022 நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது இளைய நர்ஸ்மாருக்கும் அதே கணக்கு வந்தது. அந்தக் கை இறுக்கம் அன்று உயிர்களைக் காப்பாற்றியது. இன்று முழங்கால் மாற்றின உங்கள் அம்மா அதற்காக நோவோடு கிடக்கவேண்டிய அவசியமில்லை.

மோர்பின் என்ற பேரே எங்கள் ஆட்களைப் பயமுறுத்துகிறது என்பதும் உண்டு. மோர்பின் என்றால் தெல்லிப்பழை புற்றுநோய் வைத்தியசாலையில் கடைசிக் கட்டத்தில் கொடுப்பது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அல்லது பழகிவிடும், அடிமையாகிவிடுவார் என்று பயப்படுகிறார்கள். ஒப்பரேசனுக்குப் பிறகு இரண்டு மூன்று நாள், வைத்தியசாலைக்குள், நோவுக்காக எடுக்கும்போது அடிமையாகிற ஆபத்து மிகக் குறைவு. வீட்டுக்கு வந்த பிறகு வாரக்கணக்கில், மாதக்கணக்கில் பலமான மாத்திரையைத் தொடர்ந்து எடுத்தால் அது வேறு கதை, அங்கே கவனம் தேவை.

ஆராய்ச்சிகள் என்ன சொல்கின்றன என்று கேட்பீர்கள். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கிற கொக்ரேன் அமைப்பு 2015-இல் இந்த விசயத்தில் நடந்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. கேட்கும்போது நர்ஸ் மருந்து கொடுத்தவர்களோடு ஒப்பிட்டால் பி.சி.ஏ. எடுத்தவர்களுக்கு நோ குறைவுதான், ஆனால் வித்தியாசம் 100 அளவுகோலில் ஏறத்தாழ 10 அளவுதான். திருப்தி தெளிவாகக் கூட இருந்தது. மொத்தத்தில் கொஞ்சம் கூடுதலான மருந்து எடுத்தார்கள், சொறி கூடுதலாக வந்தது, வைத்தியசாலையில் நிற்கிற நாள் குறையவில்லை. இதை நான் வாசிக்கிற விதம்: மெசின் அற்புதம் செய்வதில்லை, நன்றாக ஊசி போடுகிற விடுதியோடு ஒப்பிட்டால் கொஞ்சம் நல்லது. ஆனால் அந்த ஆய்வுகளில் ஊசிக் குழுவில் இருந்தவர்களுக்கு யாரோ பொறுப்பாக நேரத்துக்கு ஊசி போட்டிருப்பார்கள். எங்கள் இரவு விடுதியில் வித்தியாசம் அதைவிடக் கூட இருக்கும் என்பது என் ஊகம். ஊகம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது சித்தியின் சரியான பயத்துக்கு வருகிறேன், இதைத் தயவுசெய்து கவனமாக வாசியுங்கள். மோர்பின் கூடினால் மூச்சு குறையும். பலர் நினைப்பதுபோல அது திடீரென்று வருவதில்லை, அநேகமாக அதற்கு முன்பே ஆள் அளவுக்கு மீறித் தூங்கத் தொடங்குவார். கூப்பிட்டால் கண் திறப்பார், ஆனால் கதைத்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி கண் மூடிவிடும். அந்த நேரத்திலேயே பிடிக்கவேண்டும். விரலில் மாட்டுகிற ஒட்சிசன் கருவியை மட்டும் நம்பக்கூடாது. மூக்கில் ஒட்சிசன் போய்க்கொண்டிருந்தால் மூச்சு நன்றாகக் குறைந்த பிறகும் அது 97, 98 என்று காட்டிக்கொண்டே இருக்கும். மூச்சைக் கண்ணால் பார்த்து ஒரு நிமிடம் முழுவதும் எண்ணவேண்டும். 10-க்குக் கீழே வந்தால் கவலைப்படவேண்டும், 8-க்குக் கீழே என்றால் உடனே டொக்டர், உடனே மோர்பினை முறிக்கிற நலோக்ஸோன் மருந்து. முதல் 24 மணித்தியாலம்தான் ஆபத்துக் கூடிய நேரம். வயதானவர்கள், குறட்டை விட்டு இடையில் மூச்சு நிற்கிறவர்கள், சிறுநீரகம் பழுதானவர்கள், நித்திரைக் குளிசை எடுக்கிறவர்கள் இன்னும் கவனம். சீனி வருத்தம் பல வருடமாக இருந்தால் சிறுநீரகம் எப்படி என்று டொக்டர் பார்த்திருப்பார், மோர்பினின் மிச்சம் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியே போகவேண்டும், அது சரியில்லாவிட்டால் தேங்கும். அப்படியானவர்களுக்கு ஃபெண்டனில் போன்ற வேறு மருந்தைப் பம்பில் வைப்பார்கள்.

அப்புறம் அந்தப் பொத்தான். நோயாளி தவிர வேறு ஆள் அமத்துவது பற்றி அமெரிக்காவில் வைத்தியசாலைகளின் தரத்தைக் கண்காணிக்கிற அமைப்பு 2004-லேயே தனி எச்சரிக்கை விடுத்தது, உயிரிழப்புகள் நடந்ததால். எங்கள் ஊரில் இதன் ஆபத்து இரட்டிப்பு. பாசம் கூட, பக்கத்தில் எப்போதும் ஒரு ஆள் நிற்பார். ஒரு மகள், தாய் நித்திரையில் முனகுகிறார் என்று அவருக்காகப் பொத்தானை அமத்திக்கொண்டிருந்ததை நான் கண்டிருக்கிறேன். கேட்டபோது "அம்மா நித்திரையால் எழும்பி நோகக்கூடாது எண்டு" என்றார். எவ்வளவு அன்பு, ஆனால் மெசினுக்குள் இருந்த அந்த இயற்கையான காவலை அவர் கழற்றிவிட்டார். நீங்களும், தங்கச்சியும், சித்தியும், ஏன் நர்ஸும்கூட, நித்திரையில் இருக்கிற அம்மாவுக்காக அமத்தக்கூடாது. வீட்டில் எல்லாருக்கும் இதை முதலே சொல்லிவையுங்கள்.

முழங்காலைப் பொறுத்தவரை இன்னொரு பக்கம் உண்டு. இப்போது பல இடங்களில் முழங்கால் மாற்றின பிறகு பி.சி.ஏ. முதல் தெரிவு இல்லை. தொடைப்பக்க நரம்பை மரக்கச் செய்கிற ஊசி, மூட்டைச் சுற்றிச் சத்திரசிகிச்சையின்போதே போடுகிற மரப்பு மருந்து, நேரத்துக்கு நேரம் பரசிற்றமோல், சிறுநீரகம் இடம்கொடுத்தால் வீக்கத்துக்கான மருந்து, தேவைக்கு மட்டும் மோர்பின் வகை என்று பலதையும் சேர்த்துக் கொடுப்பார்கள். அப்படிச் செய்தால் மோர்பின் தேவை நன்றாகக் குறையும், சத்தியும் தலைச்சுற்றும் குறைந்து அடுத்த நாளே நடக்க வைக்கலாம். ஆகவே டொக்டரிடம் மெசின் வேண்டுமா வேண்டாமா என்று கேட்பதைவிட, மெசினோடு வேறு என்ன கொடுக்கப்போகிறீர்கள் என்று கேளுங்கள். மெசின் மட்டும்தான் என்றால் அது பழைய முறை.

கூடவே விடுதியைப் பற்றிக் கேளுங்கள். இரவு இரண்டு மணிக்கு அம்மாவின் மூச்சை எண்ணப்போவது யார், அவர் இந்தப் பம்பில் பழகியவரா, நலோக்ஸோன் அந்த விடுதியிலேயே இருக்கிறதா, மயக்க மருந்து டொக்டரை இரவில் கூப்பிட்டால் வருவாரா. தனியார் மருத்துவமனை என்றால் தயங்காமல் கேளுங்கள், நல்ல இடமென்றால் கோபிக்கமாட்டார்கள். முதல் இரவு கூடிய கண்காணிப்பு உள்ள பிரிவில் வைத்திருப்பார்கள் என்றால் நான் என் அம்மாவுக்கு ஒத்துக்கொள்வேன். பதில் மழுப்பலாக இருந்தால், சித்தி சொன்னபடி மெசினை விட்டுவிட்டு, நரம்பை மரக்கச் செய்கிற ஊசியும் நேரத்துக்கு மருந்தும் போதும் என்று கேட்பேன். பம்ப் நல்லதா கெட்டதா என்பதைப் பக்கத்தில் நிற்கிற ஆள்தான் தீர்மானிக்கிறார் என்பது என் அனுபவம்.

அம்மாவையும் பாருங்கள். விரல் மூட்டுகளிலும் வாதம் இருந்தால் பொத்தானை அமத்த ஏலாமல் போகலாம், முதலே ஒருக்கா அமத்திப் பார்க்கச் சொல்லுங்கள். மறதியோ குழப்பமோ இருந்தால் இது அவருக்கானது இல்லை. குறட்டை, நித்திரைக் குளிசை, நாட்டு மருந்து எதையும் டொக்டரிடம் மறைக்காதீர்கள். பூட்டினால், நோ உச்சிக்கு ஏறும்வரை காத்திருக்காமல் தொடங்கும்போதே அமத்தச் சொல்லுங்கள், பிசியோ வருவதற்குப் பத்து நிமிடம் முன்பும் அமத்தலாம். சொறி, சத்தி, சலம் போகாமல் வயிறு முட்டுவது எல்லாம் வரும், சகிக்கத் தேவையில்லை, மிஸ்ஸிடம் சொன்னால் மருந்து உண்டு. மலச்சிக்கலுக்கு முதல் நாளிலிருந்தே மருந்து கேளுங்கள், வீட்டுக்கு வந்த பிறகு முழங்காலை விட அதுதான் பலரைப் படுத்துகிறது.

சித்தியை மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். முதல் இரவு பக்கத்தில் நிற்க ஒருவரை அனுமதிப்பார்கள் என்றால் அவரையே நிற்கவிடுங்கள். அம்மா நித்திரையா மயக்கமா என்று முகத்தைப் பார்த்தே சொல்லக்கூடியவர் உங்கள் வீட்டில் அவர் ஒருவர்தான்.